சுத்தமான மரம்

ரசீமின் மர அறுவை மில் வாசலில் ஒரு பலகை தொங்கும்: 'மேட்டுத்தெரு மரம் அறுப்பதில்லை.' ஊரில் யாரும் காரணம் கேட்டதில்லை. சண்டை நடந்த வருஷங்களில் மேட்டுத்தெரு மனிதர்கள் மேல் பட்டது போக, மிச்சக் குண்டு இரும்பையெல்லாம் அங்கிருந்த மரங்கள் வாங்கிக்கொண்டன. மேலே பட்டை வளர்ந்து மூடிவிட்டது. இன்றைக்குப் பார்த்தால் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நிற்கும்.

ஃபிக்ரெத்தின் வீடு மேட்டுத்தெருவில்தான். முற்றத்து வால்நட் மரம் காற்றில் சாய்ந்ததும், மகள் அஸ்ராவின் சீர்ப்பெட்டியை அதில்தான் செய்வது என்று பிடிவாதமாக நின்றான். அவன் அப்பா வைத்த மரம். கிளைகளைக் கழித்து, அடிமரத்தை டிராக்டரில் ஏற்றி வந்து, பால்ய சிநேகிதன் ரசீமிடம் கண் இமைக்காமல் பொய் சொன்னான்.

"மாமனார் ஊர் மரம்டா. அஸ்ராவோட பெட்டிக்கு."

"இரும்பு கிரும்பு இருக்கா?"

"சுத்தமான மரம்."

இரும்பைக் காட்டிக்கொடுக்கும் கருவியைக் கையில் எடுத்திருந்த ரசீம் அதைத் திரும்ப ஆணியில் மாட்டினான். சிநேகிதன் சொன்ன பிறகு சோதித்தால் அது அவமானம். சுவரில் பிளேடுகள் வரிசையாகத் தொங்கின. ஈரப் பைனுக்கு அகலப் பல். பழைய வீட்டு உத்தரத்துக்குத் துருப்பிடித்த எஃகுப் பிளேடு. ஆணியில் பட்டால் அது மழுங்கும், அவ்வளவுதான். புதிதாக வாங்கிய கார்பைடு பிளேடு வெண்ணெய் மாதிரி அறுக்கும். ஆனால் இரும்பில் பட்டால் பல் தெறிக்கும்.

ரசீம் புதியதை எடுத்தான்.

"நம்ம பொண்ணுக்கு இதுதான். உன் மண்டையை அறுக்கணும்னாதான் எந்தப் பிளேடும் தாங்காது."

ஃபிக்ரெத் சிரித்தான். 'பழசைப் போடுடா' என்று சொன்னால் போதும். ஏன் என்று கேட்பான். கேட்டால் மரம் திரும்பிப் போகும், பெட்டி போகும், பொய்யன் என்ற பேரும் சேரும். சண்டையில் குண்டு மரத்துக்கு அந்தப் பக்கம்தானே விழுந்தது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். பயந்தவனுக்கு எத்தனை நியாயம் கிடைக்கும் பாருங்கள். ரசீம் முகத்தடுப்பைக்கூடப் போடவில்லை. சுத்தமான மரம்தானே.

இரண்டு பலகை அழகாக விழுந்தன. மூன்றாவதில் 'ணங்' என்று ஒரு சத்தம். ரசீம் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை என்றார் டாக்டர். ஃபிக்ரெத் ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனான். தினமும் சொல்ல நினைத்தான். தினமும் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தான். சோறு இறங்கவில்லை. அஸ்ரா பெட்டிக்கு என்ன பூ வரையலாம் என்று கேட்டபோது அவளைப் பார்த்து எரிந்து விழுந்தான்.

கண்கட்டோடு வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் ரசீம் அவனைக் கூப்பிட்டனுப்பினான். மரத்திலிருந்து எடுத்த இரும்பை அவன் உள்ளங்கையில் வைத்தான். கறுத்து, ஓரம் கிழிந்த துண்டு.

"உன் மாமனார் ஊர்ல வேட்டைக்காரங்க ஜாஸ்தியோ?"

இருவரும் ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள். பீரங்கிக் குண்டுச் சில்லு எப்படி இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். ரசீம் அவனுக்காக ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தான். ஆமாம் என்றால் போதும், வெளியே போய்விடலாம். அந்தக் கதவு வழியே போக ஃபிக்ரெத்துக்கு மனம் வரவில்லை.

"வேட்டைக்காரன் இல்லடா. எங்க முற்றத்து மரம். தெரிஞ்சேதான் சொன்னேன். என்னை மன்னிச்சு, இந்தக் கடனை ஹலால் பண்ணிடு."

ரசீமின் மிச்சமிருந்த கண் அவன் மேலேயே இருந்தது.

"ஹலால் பண்ணிட்டேன். கண்ணுதானே, போகுது. ஆனா ஒண்ணு சொல்லு. அந்த வாசல் பலகை ஊருக்கு எழுதினதுடா. மேட்டுத்தெரு மரம்னு நீ சொல்லியிருந்தா, அஸ்ரா பெட்டிக்கு நான் அறுக்க மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? பழைய பிளேடைப் போட்டிருப்பேன். அவ்வளவுதானே?"

ஃபிக்ரெத்துக்குச் சில்லை இறுக்கிப் பிடித்திருந்த கை வலித்தது. அவன் விடவில்லை.