நூறு கிராம் குறைவு

அந்த மாநகரத்தில் யார் எதைச் சொன்னாலும் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள். சொல்ல வேண்டியதைக் கோணிப்பைக்குள் வாயை வைத்துச் சொல்லி, காற்று வெளியேறுமுன் முடிச்சுப் போட்டுத் தராசில் வைக்க வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் அது நிஜம். குறைந்தால் இல்லை. அவ்வளவுதான் சங்கதி. வார்டுக்கு ஒரு தராசு. ரயில்வே கேட்டை ஒட்டிய வார்டுக்குப் பவுனம்மாவின் பழைய பேப்பர் கடைத் தராசு.

நிஜம் எப்போதும் சரியாக ஒரு கிலோதான் நிற்கும். ஏறாது, குறையாது. ஆனால் பவுனம்மாவின் கிலோக்கல்லுக்கு அடியில் அவள் புருஷன் ஏகாம்பரம், செத்துப்போகுமுன் நூறு கிராம் ஈயம் ஊற்றி வைத்திருந்தான். பேப்பர் வாங்குகிற கடையில் அது தொழில் வழக்கம். ஆகவே தெருக்காரர்கள் எதைச் சொல்லிக் கட்டி வந்தாலும் நூறு கிராம் குறையும். இஸ்திரிக்காரர் கன்னியப்பன், "எங்க கொழாயில சாக்கடைத் தண்ணி வருது" என்று மூன்று தடவை நிறுத்தார். மூன்று தடவையும் நூறு கிராம் குறைவு. பிறகு அந்தத் தண்ணீரையே குடித்தார்.

கவுன்சிலர் தணிகாசலம் மட்டும் குறைந்ததே கிடையாது. இரண்டு இளநீர் குடித்துவிட்டு எச்சில் தெறிக்கத் தெறிக்கப் பேசுவார். கோணி சொட்டும். ஈரப் பேப்பருக்குப் பாதி கழிப்பது கடை வழக்கம். கவுன்சிலருக்கு எப்படிக் கழிப்பது? குப்பைமேட்டில் பூங்கா வந்துவிட்டது என்று போன வருஷம் சொன்னார். ஒன்றேகால் கிலோ. அன்றிலிருந்து ஜனங்கள் சாயங்காலம் அங்கேதான் காலாற நடக்கிறார்கள். ஊஞ்சல் எங்கே என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை தணிகாசலம் சொட்டுகிற கோணியோடு வந்தார்.

"இன்னா பவுனு, சௌக்கியமா?"

"இருக்கேண்ணே. என்னா சொல்லிக் கட்டினு வந்தீங்க?"

"மேம்பாலத்துக்கு எடம் பாத்தாச்சு. இந்தத் தெரு வெறும் பொட்டல், ஒருத்தரும் குடியில்லன்னு சொல்லிக் கட்டினேன். சட்டுனு போடு, கம்பெனிக்காரங்க கார்ல குந்தினுகீறாங்க."

பவுனம்மா தராசைத் தூக்கினாள். கோணித் தட்டு தரையில் போய் உட்கார்ந்தது. கழிக்கவில்லை. கை பழகின பழக்கம். ஒன்றரைக் கிலோ என்று சீட்டு எழுதிக் கொடுத்தபிறகுதான் தன் வீடும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது.

மறுப்பு இருந்தால் அன்று பொழுது சாய்வதற்குள் நிறுத்துவிட வேண்டும். பவுனம்மா நல்ல கோணியாகப் பார்த்து உதறி, உள்ளே வாயை வைத்தாள். "முப்பத்தோரு வருஷமா இங்கதான் இருக்கேன். மூணு புள்ளையும் இந்தக் கூரைக்குக் கீழதான் பொறந்துச்சு. என் வீட்டுக்காரரும் இங்கதான் உயிர விட்டாரு." முடிச்சுப் போட்டு வைத்தாள். கல் இருந்த தட்டு அசையவில்லை. நூறு கிராம் குறைவு.

எதிரே சட்டை தேய்த்துக்கொண்டிருந்த கன்னியப்பன் தலை நிமிராமல் சொன்னார்: "என் தண்ணிக்கும் அவ்ளோதான் கொறஞ்சுது, அக்கா."

"ஏன்பா குத்திக்காட்டுற?"

"நான் எங்க குத்தினேன்? எடை சொல்றேன்."

பவுனம்மா கல்லின் அடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு இன்னொரு கோணியை எடுத்தாள். இருபது வருஷமாகச் சொல்லாததை அதற்குள் சொன்னாள். "இந்தக் கல்லு அடியில நூறு கிராம் ஈயம் இருக்கு. தெருசனம் சொன்னது அத்தனையும் நெசம்."

கட்டி வைத்தாள். வேறு கிலோக்கல் அந்த வார்டில் கிடையாது. அதே கல்லில்தான் நிறுத்தாக வேண்டும்.

நூறு கிராம் குறைந்தது.

"அப்போ ஈயம் இல்ல" என்றார் கன்னியப்பன், பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டே.

"இல்லதான் போல" என்றாள் பவுனம்மா.

பொழுது சாய்ந்தது.

மறுநாள் காலையில் தெரு பொட்டலாக இருந்தது. நெருஞ்சி முளைத்திருந்தது. பால்காரர் சைக்கிளை மிதித்து நேராகப் போய்விட்டார். தராசும் கல்லும் மட்டும் வார்டுக் கணக்கில் இருந்ததால் தப்பின. பவுனம்மா வழக்கம்போல அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குத் தணிகாசலம் வந்தார். அவள் இருந்த பக்கம் பார்க்காமல், கோணியைத் தட்டில் வைத்தார். இங்கே குடியிருந்த எல்லாருக்கும் மாற்று வீடு கொடுத்தாயிற்று என்பது அதில் இருந்தது. ஓரத்தில் இளநீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பவுனம்மா தராசைத் தூக்கினாள். ஒன்றேமுக்கால். ஈரத்துக்குக் கழிக்காமல் சீட்டு எழுதி, பறக்காமல் இருக்க அதன்மேல் கல்லை வைத்தாள். நெருஞ்சி மேய வந்த ஆடு ஒன்று அவள் மடிவழியாக நுழைந்து அந்தப் பக்கம் போக வந்தது. அதற்குக் கால் இடறாதபடி அவள் முந்தானையை ஒதுக்கிக்கொண்டாள்.