பதினொன்றுக்கு நாலு

சிதம்பரநாதன் அண்ணாச்சியின் அபிராமபுரம் வீட்டுக்கு அந்த விளையாட்டுப் பெட்டி வந்தது 1978 மே மாதம் பதினாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அண்ணாச்சிக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. அங்கே கடிதம் எழுதுவது என் வேலை. சேலத்துக்கும் சூரத்துக்கும் அவர் பேசப் பேச எழுதி, தட்டச்சு செய்து, நகலைக் கோப்பில் சேர்ப்பேன். சனிக்கிழமை வந்த தபாலுக்குத் திங்கள் காலையே பதில் போயாக வேண்டும் என்பது அவர் கண்டிப்பு. அதனால் ஞாயிறு மதியம் மயிலாப்பூர் அறையிலிருந்து நடந்தே அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். கடிதம் முடிந்ததும் சாப்பாடும் அங்கேயே; அவர் மனைவியை மதினி என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம்.

அன்று அண்ணாச்சியின் மச்சினர் கருணாகரன் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கியிருந்தார். சேலையும் சென்ட்டும் டார்ச் லைட்டும் கட்டிலில் பரவிக் கிடக்க, அவர் டிவிக்குப் பின்னால் குனிந்து ஆன்டெனா ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். இழுத்துச் சாத்தும் மரக்கதவு வைத்த டிவி அது. சாயங்காலம்தான் படம் வரும் என்பதால் பகலெல்லாம் மூடியே இருக்கும். கருணாகரன் கொண்டுவந்த பெட்டி டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே ஒரு திருகு. நீண்ட ஒயரின் முனையில் இன்னொரு திருகு. ஸ்விட்சைப் போட்டதும் திரை கறுத்து, நடுவில் புள்ளிக்கோடும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைக் குச்சியும் தெரிந்தன. சதுரமாக ஒரு வெள்ளைப் பொட்டு இங்கேயும் அங்கேயும் போய் வந்தது. அதுதான் பந்து, முதலில் பதினைந்து புள்ளி எடுப்பவருக்கு ஜெயம் என்று சொல்லி, ஒயர்த் திருகை என் கையில் கொடுத்தார்.

திருப்பினேன். எட்டடி தள்ளி, கண்ணாடிக்குள்ளே, குச்சி மேலே ஏறியது.

அதுவரை டிவி என்றால் உட்கார்ந்து பார்ப்பது. உள்ளே நடப்பதில் நமக்கு ஒரு பங்கும் கிடையாது. இப்போது அதற்குள் ஒரு சின்ன வெள்ளைக் குச்சி என் இரண்டு விரலுக்குக் கட்டுப்பட்டு நின்றது. பந்து வந்து அதில் பட்டு, 'டொக்' என்று திரும்பிப் போனபோது முதுகு சிலிர்த்துவிட்டது. முப்பத்தோரு வயது எனக்கு. முதலாளி வீட்டுக் கூடம் என்பதையும் மறந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

எதிர்ப்பக்கக் குச்சி அண்ணாச்சியுடையது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர்க் குழாயைத் திறப்பதுபோலத் திருகை ஒரேயடியாகத் திருப்புவார். குச்சி உச்சியில் போய் ஒட்டிக்கொள்ளும்; பந்து கீழே ஓடிவிடும். ஆறுக்குப் பூஜ்யம் ஆகியிருந்தபோது, பின்னால் நின்ற கடை மேனேஜர் சுயம்புலிங்கம் இருமினார். திரும்பினால், வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார்.

கடையில் அது ஒரு வழக்கம். தீபாவளி விற்பனை ஓய்ந்த பிறகு ஒரு நாள் அண்ணாச்சி எங்களோடு ஜமக்காளத்தில் உட்கார்ந்து சீட்டு ஆடுவார். அவரை யாரும் ஜெயித்தது கிடையாது. கையில் ஜோக்கர் இருந்தாலும் இறக்க மாட்டோம். ஏமாற்று என்று அதை யாரும் நினைத்ததில்லை. அவர் வந்தால் எழுந்து நிற்போம் அல்லவா, அதைப் போலத்தான் இதுவும்.

அன்று பதிமூன்றுக்குப் பதினைந்தில் தோற்றேன். வாசலில் செருப்பை மாட்டும்போது சுயம்புலிங்கம், "அண்ணாச்சிய ஜெயிச்சி என்னவே செய்யப் போறீரு, ரகுபதி? கப்பா குடுக்கப் போறாங்க?" என்றார்.

கருணாகரன் பத்து நாளில் கப்பலேறினார். பெட்டி இங்கேயே தங்கிவிட்டது. ஞாயிறுதோறும் சாப்பாடு முடிந்ததும் அண்ணாச்சி டிவியின் மரக்கதவை இழுத்துத் திறப்பார். அவர் நாற்காலியில், நான் கீழே பாயில். நானும் ஞாயிறுதோறும் தோற்றேன். எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்று பெயர் எடுத்தவன் நான். தோற்பதையும் ஒழுங்காகவே செய்தேன். பந்து வரும் இடத்துக்குக் குச்சியைக் கொண்டுபோய், கடைசி நொடியில் ஒரு மயிரிழை குறைத்துத் திருப்புவேன். குச்சியின் ஓரத்தை உரசுவதுபோல வந்து பந்து வெளியே போகும். பார்க்கிறவர்களுக்கு, ஐயோ கொஞ்சத்தில் தவறிவிட்டதே என்றிருக்கும். ஒரு வாரம் பதிமூன்று, ஒரு வாரம் பதினாலு, சந்தேகம் வராமலிருக்க எப்போதாவது ஒன்பது. இந்தத் திறமையில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. நான் உண்மையாக ஆடியதெல்லாம், போன் மணியடித்து அவர் எழுந்து போகும் ஐந்து நிமிஷத்தில்தான். சுவரில் தனியாக அடிக்கும் ஆட்டம் ஒன்று அந்தப் பெட்டியில் உண்டு. அதில் நாற்பது, ஐம்பது என்று விடாமல் அடிப்பேன். அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் பழைய ஆட்டத்துக்கு மாற்றிவிடுவேன்.

டிரைவர் தங்கவேல் ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்திருக்கிறான். ஒருநாள் கார் துடைத்தபடியே, "இன்னா சார், இன்னிக்கும் அவுட்டா? நீ வோணும்னே தோத்துக்கினு கீறே, எனுக்குத் தெரியாதா இன்னா" என்றான். சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

அண்ணாச்சிக்கு மட்டும் தெரியவில்லை. திங்கள்கிழமை கடையில் இரண்டு கடிதங்களுக்கு நடுவே பேச்சை நிறுத்தி, நேற்று பதினாலுக்குப் பதினாலில் நின்றதைப் பற்றிச் சொல்லுவார். வாடிக்கையாளர்களிடமும் சொல்ல ஆரம்பித்தார். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, பெட்டியை மடியில் வைத்தபடி, பன்னிரண்டு வயசில் ஊரை விட்டு வந்து பாரிமுனையில் துணி மூட்டை சுமந்த கதையைச் சொன்னார். மற்ற பிள்ளைகள் கோலி ஆடுவதை மூட்டைக்கு அடியிலிருந்து பார்த்துக்கொண்டே போவாராம். "வெளையாட்டுன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. அம்பத்தாறு வயசுல இது ஒண்ணு கைக்கு வந்திருக்கு" என்றார். நான் தலையாட்டினேன். அன்றைக்குப் பன்னிரண்டில் தோற்றேன்.

ஆவணியில் அவர் மகள் சண்முகவடிவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கணேசமூர்த்தி இன்ஜினீயர், அடையாறில் வீடு. ஐப்பசியில் தலைத்தீபாவளி. மூன்று நாள் முன்பு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "மாப்ள இதுக்குப் புதுசு. மொத ஆட்டத்துல நானே நாலஞ்சு பந்த விட்டுருதேன். வீட்டுக்கு வந்த பிள்ளை மனசு நோவக் கூடாது பாத்துக்கோ" என்றார். முகத்தில் விளையாட்டே இல்லை. யோசித்து வைத்திருந்து சொன்னார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். சரி அண்ணாச்சி என்றேன்.

தீபாவளி மதியம் வாழ்த்துச் சொல்லப் போன எங்களை உட்காரச் சொல்லி, கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் ஆட்டம் தொடங்கியது. மாப்பிள்ளைக்குத் திருகு பிடிபட நாலைந்து பந்து ஆயிற்று. அதற்குப் பிறகு நிற்கவில்லை. பதினைந்துக்கு ஆறு. அடுத்த ஆட்டம் பதினைந்துக்கு இரண்டு. அவர் நல்ல பிள்ளை; மாமனார் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திருப்பினால் போதும் மாமா என்று சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். அண்ணாச்சி சிரித்தபடி, கடையிலேயே நன்றாக ஆடுகிறவர் இவர் என்று என்னைக் காட்டினார்.

என் மனசில் ஓடியது இதுதான்: நான் மாப்பிள்ளையை ஜெயித்தால், இத்தனை ஞாயிறு அண்ணாச்சியிடம் தோற்றது எப்படி என்று கேள்வி வரும். நானும் தோற்றுவிட்டால், மாப்பிள்ளைதான் பெரிய ஆட்டக்காரர் என்று பேச்சு அதோடு முடிந்துவிடும். அப்படியே செய்தேன். அதே மயிரிழை, அதே உரசல். ஐந்தில் தோற்றேன்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. அதுவரை அண்ணாச்சி எனக்கு எதிராளியாக இருந்தார். அவர் கண் எப்போதும் திரையில் இருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் விரல்களை.

அடுத்த ஞாயிறு கடிதங்கள் முடிந்து, சாப்பிட்டும் ஆயிற்று. டிவிக் கதவைத் திறந்த அண்ணாச்சி நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, பாயில் என் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நெசமா ஆடுனது எத்தன ஆட்டம்?"

"மொத நாள், ஆறு புள்ளி வரைக்கும் அண்ணாச்சி."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி, போனது போவட்டும். இன்னைக்கு ஆடு. எவ்வளவு வருமோ அவ்வளவும் ஆடு. தோக்கதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

ஆடினேன். ஆறு மாசமாக அடக்கி வைத்திருந்த விரல்கள். குச்சியின் நுனியில் வாங்கி மூலைக்கு அனுப்பினேன். நடுவில் வாங்கி நேராகத் திருப்பினேன். பந்து வேகமெடுக்க வேகமெடுக்க எனக்குள் ஏதோ நிதானப்பட்டது. தெரு, சாப்பிட்ட சாப்பாடு, நாளைய தபால், எதுவுமே இல்லை. பின்னாளில் நாணயம் போட்டு ஆடும் இயந்திரங்கள் வந்தன. மகன் கம்ப்யூட்டர் வாங்கினான். இப்போது கையிலேயே வைத்து ஆடுகிறேன், இந்த வயசிலும். அத்தனையிலும் நான் தேடிக்கொண்டிருப்பது அந்தக் கால் மணி நேரத்தை.

அண்ணாச்சியும் ஆடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். மூக்குக் கண்ணாடி வியர்வையில் வழுக்க, மாப்பிள்ளை சொன்னதுபோல மெதுவாகத் திருப்பினார். ஏழுக்குப் பூஜ்யத்தில் முதல் புள்ளி எடுத்தார். நான் முழு மூச்சோடு ஆடியும் என்னைத் தாண்டிப் போன பந்து அது. அவருக்கும் அது தெரியும். தொடையில் தட்டிக்கொண்டார். பிறகு இன்னொன்று. பத்துக்கு மூன்று. பதினொன்றுக்கு நாலு. "இதுல்லா ஆட்டம்!" என்றார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

அடுத்த பந்து என் பக்கம் வந்தது. சுலபமான பந்து. அந்த நேரம் பார்த்து என் கண் அவர் கைக்குப் போயிற்று. விரல்கள் திருகை நூல் நூலாகத் திருப்பப் பார்த்துக்கொண்டிருந்தன. மூட்டை தூக்கித் தூக்கி முட்டி புடைத்த விரல்கள். நான் முடிவு செய்யவில்லை. கை தானாகவே ஒரு மயிரிழை குறைத்துக்கொண்டது. பந்து உரசினாற்போல வெளியே போயிற்று.

அவர் பெட்டியைப் பாயில் வைத்தார்.

"பாவம்னு நெனச்சியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அது பொய்யாகிவிடும். அவர் கையை ஊன்றி எழுந்து, உள்ளே பார்த்து, ரகுபதிக்கு ஒரு காபி போடு என்று மதினியிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். கோபமாக நடந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. சாதாரணமாகத்தான் படியேறினார்.

மறுவாரம் முதல் ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்கள் திங்கள் காலைக்கு மாறின. கடையில் முன்பு மாதிரியே நடத்தினார்; பொங்கலுக்குச் சம்பளமும் கூட்டினார். இரண்டு கடிதங்களுக்கு நடுவே மட்டும் அவர் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. பெட்டி அடையாறுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகத் தங்கவேல் சொன்னான். சுயம்புலிங்கம் விஷயம் கேட்டுவிட்டு, அதற்குத்தான் அன்றைக்கே சொன்னேன் என்றார். அன்று அவர் சொன்னது தோற்கச் சொல்லி அல்லவா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாசம் தோற்றதை அவர் போகட்டும் என்று விட்டுவிட்டார். அந்த ஒரு பந்தை அப்படி விட அவரால் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

அன்றைக்குக் காபி வரும்வரை பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். திரையில் பந்து தானாகவே வந்து வந்து போனது. யாரும் தொடாத அவர் குச்சி ஓர் ஓரத்தில் நிற்க, என் குச்சி வழியில் அகப்பட்டதையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு என்று என் எண் ஏறியது. அணைக்கலாம் என்றால், முதலாளி வீட்டு டிவியை அவர் சொல்லாமல் நான் எப்படி அணைப்பது? பதினைந்து ஆனதும் சத்தம் நின்றது. மதினி டம்ளரோடு வந்து, திரையைப் பார்த்துவிட்டு, "அட, இன்னைக்கு நீங்களா ஜெயிச்சீங்க" என்றார்கள்.