நான்கு பிளக், நான்கு ஞாயிறு

மூன்று வாரமாக அந்த அட்டைப்பெட்டி சாப்பாட்டு மேஜையில் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. முதலில் மேஜைமேல்தான் வைத்தார். தட்டு வைக்க இடம் இல்லையென்று நாற்காலிக்கு மாற்றினார். மாற்றியது தப்பாகப் போயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே ஓர் ஆள் இருப்பது போலவே இருந்தது. அதுவும், எப்போது என்னைப் பிரிக்கப் போகிறாய் என்று வாயைத் திறக்காமல் கேட்கிற ஆள். உள்ளே இருந்தது கூம்பு வடிவத்தில் ஓர் ஏர் ஃபில்டர், வளைந்த அலுமினியக் குழாய் ஒன்று, நான்கு கிளாம்ப், இரண்டு ரப்பர் வளையம். ஒரு ஸ்குரூடிரைவரும் முக்கால் மணி நேரமும் இருந்தால் போதும், சின்னப் பிள்ளைகூட மாட்டிவிடும் என்று மகள் சொல்லியிருந்தாள். அவர் மாட்டவில்லை.

தெருவில் அவரைக் காது டாக்டர் என்பார்கள். டாக்டர் இல்லை என்று திருத்தித் திருத்தி அவருக்கே அலுத்துவிட்டது. ஆஸ்பத்திரியின் கோடியில், மருந்து வாங்கும் வரிசையைத் தாண்டி, ஓர் அறையில் முப்பது வருடமாகக் காது சோதனை செய்கிறவர். அறைக்குள் சத்தம் நுழையாத ஒரு கண்ணாடிக் கூண்டு. வந்தவரை அதற்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அமுக்குங்க, கேக்கலன்னா சும்மா இருங்க" என்பார். இவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தச் சும்மா இருப்பதுதான் பலருக்கு முடிவதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எவ்வளவு நேரம்தான் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருப்பது? அவர் சத்தமே அனுப்பாத நேரத்திலும் அமுக்கிவிடுவார்கள்.

பொய்யாக அமுக்கியவர்களை அவர் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. பொய் என்று சொன்னதும் இல்லை. மைக்கில் குனிந்து, அப்போதுதான் நினைவு வந்தவர் போல, "இன்னொரு தடவை பாத்துடலாமா?" என்பார். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த அறையின் மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளுக்கு இந்த வசனம் மனப்பாடம். வீட்டில் அம்மா டப்பாவில் இனிப்பு தீர்ந்துவிட்டது என்று சாதித்தால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அப்பா குரலிலேயே, "இன்னொரு தடவை பாத்துடலாமா?" என்பாள்.

ஷெட்டில் நிற்கும் கார் அவளுடையது. இரண்டே சீட் உள்ள, தரையோடு தரையாக ஓடுகிற பழைய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். முதல் வேலையில் சேர்ந்த வருடம், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ரெண்டு சீட்டா? அப்போ நான் எங்கடி உட்கார்றது?" என்றாள். "டிக்கியில" என்றார் இவர். மூன்று பேரும் சிரித்தார்கள். அடுத்த வருடம் மகள் வெளிநாட்டில் ஓர் இன்ஜின் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவுக்குப் போய்விட்டாள். புது இன்ஜின்களை மேடையில் ஏற்றி ஓடவிட்டு, எங்கே என்ன குறை என்று கண்டுபிடிக்கிற வேலை. அதற்கு மூன்று வருடம் கழித்து அம்மா போய்விட்டாள், ஒரே வாரக் காய்ச்சலில். இப்போது அதற்கும் இரண்டு வருடம் ஆகிறது.

அம்மா இருந்தவரை தொலைபேசி அவள் இலாகா. ஒரு மணி நேரம் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "அப்பாகிட்ட குடுக்கட்டுமா?" என்பாள். இவர் வாங்கி, உடம்பு எப்படி, வேலை எப்படி என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். அவள் போன பிறகுதான் தெரிந்தது, அப்பாவும் மகளும் அந்த இரண்டு கேள்விக்கு மேல் பழகவே இல்லை என்று.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்பா. நீங்க?"

"ஆச்சு. பிரெண்ட்ஸ் எல்லாம் வந்திருக்காங்களா?"

"ஞாயித்துக்கிழமைன்னா வீடு நெறஞ்சுதான்பா இருக்கும். அப்புறம்?"

அந்த 'அப்புறம்' வந்ததும் அவர் சுவர்க் காலண்டரைப் பார்ப்பார். அப்புறம் ஒன்றும் இல்லை. நான்கு நிமிடத்தில் வைத்துவிடுவார்கள். வைத்த பிறகு அவர் கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார். சொல்லியிருக்க வேண்டியது ஏதோ ஒன்று இருந்தது போலவும் அது என்னவென்று மறந்துபோனது போலவும் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்புறத்துக்கு ஒன்றும் அகப்படாமல், "மேம்பாலம் ஏறும்போது உன் வண்டிக்கு மூச்சு வாங்குதும்மா" என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். அந்தப் பக்கம் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தது இங்கே அவருக்குக் கேட்டது. எந்த கியரில் ஏறுகிறீர்கள், புகை என்ன நிறம், பிளக் மாற்றி எத்தனை நாள் ஆயிற்று, ஆயில் எப்போது ஊற்றினீர்கள்? எல்லாவற்றுக்கும் பார்த்துச் சொல்கிறேன் என்றார். வைத்தபோது நாற்பத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. அன்று பகல் முழுவதும் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தார்.

அதன் பிறகு அவர் வண்டிக்கு வேகம் ஏற்றும் பைத்தியமாகிவிட்டார் என்று வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் நினைத்தார். உண்மையில் அவர் நாற்பதுக்கு மேல் ஓட்டியதே இல்லை. புதிதாக ஐந்து குதிரைசக்தி கூடினால் அவற்றை எங்கே கட்டிப்போடுவது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் கேள்விகள் வேண்டியிருந்தன. கார் பத்திரிகைகளைப் படித்தார், கண்டவர் எழுதிய குறிப்புகளையும் படித்தார், வாரத்துக்கு ஒரு சந்தேகத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகள் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தாள்: "ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும்பா. மாத்திட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. அப்பதான் எதால என்ன ஆச்சுன்னு தெரியும்."

அவர் அந்தச் சட்டத்தை அட்சரசுத்தமாகப் பின்பற்றினார். ஸ்பார்க் பிளக் மாற்றச் சொன்னபோது, நான்கில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டு, ஒரு வாரம் ஓட்டி, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு விவரம் சொன்னார். மெக்கானிக்கிடம் இதைப் பெருமையாகச் சொல்லப்போக, அந்த ஆள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், நாலும் ஒரு செட்டு சார்! மூணு பழசு ஒண்ணு புதுசுன்னு ஒலகத்துல யாராவது ஓட்டுவாங்களா? அந்த வண்டி உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

அந்த ஞாயிறு, ஒன்றை மட்டும் மாற்றியதைச் சொன்னபோது மகள் ஏனோ சிரிக்கவில்லை. "சரிப்பா, அடுத்த வாரம் ரெண்டாவது" என்றாள். நான்கு பிளக், நான்கு ஞாயிறு. வாழ்க்கையில் அவருக்கு அப்படி ஒரு மாதம் அமைந்ததில்லை.

நான்காவது ஞாயிறன்று, இனி என்னென்ன செய்யலாம் என்று ஆசையாகக் கேட்டார். அவள் விரல்விட்டு எண்ணியது போல் சொன்னாள். "முதல்ல ஏர் ஃபில்டர். வண்டி நல்லா காத்து இழுக்கும், சத்தமே மாறிடும். அப்புறம் சைலன்சர். கடைசியா இன்ஜின் கம்ப்யூட்டர்ல புரோகிராம மாத்தறது. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அவ்வளவுதான்பா. அதுக்கு மேல போனா இன்ஜினையே பிரிக்கணும், உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம்."

மூன்று. அவர் அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபில்டர் மாட்டினால் இரண்டு. சைலன்சர் மாட்டினால் ஒன்று. அப்புறம் மறுபடியும் அந்த 'அப்புறம்'.

பெட்டி வந்தது. முதல் ஞாயிறு, மழை என்றார். அடுத்த ஞாயிறு, முதுகு பிடித்துக்கொண்டது என்றார். "பரவால்லப்பா, மாட்டிட்டுக் கூப்பிடுங்க. அந்தச் சத்தத்தக் கேக்கணும் எனக்கு" என்றாள் மகள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அவருக்கு அது வாசலில் போட்ட பூட்டாகிவிட்டது. மாட்டாமல் கூப்பிடக் கூடாது. மாட்டினால் ஒன்று தீர்ந்துபோகும். மூன்றாவது ஞாயிறு அவர் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. பதினொரு மணிக்கு, வழக்கமாகப் பேசும் நேரத்தில், ஏற்கெனவே சுத்தமாக இருந்த பாத்திரங்களை எடுத்துப்போட்டு மறுபடி கழுவினார். எதிர் நாற்காலியில் பெட்டி இருந்தது. வீட்டில் தண்ணீர்க் குழாயைத் தவிர வேறு சத்தம் இல்லை. முப்பது வருடமாக ஊராருக்கு மௌனத்தை அளந்து கொடுத்தவர், அன்று தன் வீட்டு மௌனத்தைத் தாங்க முடியாமல் ஷெட்டுக்குப் போய், வண்டியை ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அதற்குள் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு ஒரு தையல்காரர் வந்தார். கூண்டுக்குள் உட்கார்ந்து, தையல் மெஷின் மிதிக்கிற தாளத்தில், கேட்டாலும் கேட்காவிட்டாலும் அமுக்கித் தள்ளினார். இவர் மைக்கில் குனிந்து வழக்கமான வசனத்தைச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையல்காரரின் முகம் ஒரு கணம் சிவந்து பின்பு தாழ்ந்தது. இவர் அதைக் கவனித்தார். ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

நான்காவது ஞாயிறு பொறுக்க முடியவில்லை. பதினொரு மணி அடிக்கக் காத்திருந்து கூப்பிட்டார்.

"என்னப்பா, மாட்டிட்டீங்களா?"

"மாட்டிட்டேன்மா."

அது எப்படி வாயிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"நிஜமாவா! ஸ்டார்ட் பண்ணுங்க, ஸ்டார்ட் பண்ணுங்க. போன ஸ்பீக்கர்ல போட்டு பானெட் பக்கத்துல வைங்க. நல்லா மிதிச்சு விடுங்க, நான் கேக்கறேன்."

போனோடு ஷெட்டுக்கு நடந்தார். தொழில் தெரிந்த மனுஷன் அல்லவா. நடந்துகொண்டே கணக்குப் போட்டார். போனில் எல்லாச் சத்தமும் போய்ச் சேராது. அடிவயிற்று உறுமலும் போகாது, உச்சிச் சீறலும் போகாது, நடுவில் மனிதக் குரல் அளவுக்குத்தான் வழி. பழைய ஃபில்டருக்கும் புது ஃபில்டருக்கும் உள்ள வித்தியாசம் அந்த உறுமலிலும் சீறலிலும்தான் இருக்கும். தப்பித்துவிடலாம். பானெட்டைத் தூக்கி நிறுத்தி, போனை பேட்டரி மேல் வைத்து, உள்ளே போய் உட்கார்ந்து சாவியைத் திருகினார். இன்ஜின் எப்போதும் போல இருமிவிட்டு எழுந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார், விட்டார். மறுபடி அழுத்தினார், விட்டார். பிறகு அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

போன் மேல் குனிந்து நின்றார். கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து எண்ணுகிற பழக்கத்தில் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"அப்பா," என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. அப்போதுதான் நினைவு வந்தவள் போல இருந்தது. "இன்னொரு தடவை பாத்துடலாமா?"

அவருக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. வெட்கம்தான், வேறு என்ன? இத்தனை வருடம், அந்த வசனத்தைக் கேட்டவர்கள் ஒருவருக்கும் விஷயம் புரிந்திருக்காது என்றே நம்பி வந்திருக்கிறார். கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்கு எல்லாம் தெரியும். முதல் முறையே தெரியும். அந்தத் தையல்காரருக்குத் தெரிந்திருந்தது. இன்னொன்றும் அப்போது தோன்றியது: இன்ஜினோடு இன்ஜினாக நாளெல்லாம் கிடக்கிறவளுக்கு, நான்கு பிளக்கும் ஒரு செட்டு என்பது தெரியாமலா இருந்திருக்கும்?

"மாட்டலம்மா," என்றார். "பெட்டி இன்னும் நாற்காலி மேலதான் இருக்கு."

"தெரியும்ப்பா."

"மாட்டிட்டா..." என்று ஆரம்பித்து, பானெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மாட்டிட்டா அப்புறம் ரெண்டுதானே பாக்கி இருக்கும்" என்றார்.

அவள் பதில் சொல்லவில்லை. வைக்கவும் இல்லை. அவர் போனை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் போய், பக்கத்து சீட்டில் அதை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தன் சீட்டில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் அடங்கிவிட்டது. இப்போது அவள் அறை கேட்டது. கோப்பையில் கரண்டி ஒருமுறை இடித்தது. நாற்காலி நகர்ந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. வீடு நிறைந்திருக்கும் என்றாளே, அந்த நண்பர்களில் ஒருவரின் குரலாவது, ஒரு சிரிப்பாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அந்த அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

கியர் குமிழ்மேல் இருந்த அவரது கட்டைவிரல் தானாகவே அசைந்தது. கரண்டி மறுபடி இடித்தபோது, கூண்டுப் பொத்தானை அமுக்குவது போல, ஒருமுறை அமுக்கினார். அவள் மூக்கை உறிஞ்சியபோது ஒருமுறை. பிறகு வெகு நேரம் ஒன்றும் இல்லை. அவர் விரலைக் குமிழிலிருந்து மெல்லத் தூக்கி, அமுக்காமல், அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.