இரட்டைத் தலை ஆணி

நெசவுக்கூடத்தில் ஊடை அடித்துக்கொண்டிருந்த நின்கேதுவின் நெஞ்சில் கயிறு விழுந்தது. மார்புக்குக் குறுக்கே வடம் போட்டு யாரோ வடக்கே இழுத்த மாதிரி இருந்தது. குந்தியிருந்தவள் அப்படியே தறிமேல் கவிழ்ந்தாள். பாவில் நாலைந்து இழை அறுந்தது.

"என்னடி, பொழுது ஏறல, அதுக்குள்ள பீர் ஏறிப்போச்சா?" என்றாள் பக்கத்துத் தறிக்காரி. கூடமே சிரித்தது.

நின்கேதுவும் சிரித்தாள். மூச்சு முட்டியது, விலா வலித்தது, ஆனாலும் சிரிப்பு வந்தது. கட்டு பிடித்துவிட்டது. உர்மெஸ் திரும்பி வருவான்.

உர்மெஸ் அவள் புருஷன். உம்மா நகரத்துப் படகிழுப்புக் கூட்டத்தில் ஒருத்தன். ஆறு போகிற போக்கில் வரும்போது படகு தானாக வரும். எதிர்த்துப் போகும்போது மனுஷன்தான் மாடு. நெஞ்சில் வடத்தைப் போட்டுக்கொண்டு கரையோரமாக நிப்பூர் வரைக்கும் இழுக்க வேண்டும். போன அறுவடைக்குப் போனவன் மற்றவர்களெல்லாம் வந்து சேர்ந்து வெகுநாள் கழித்தே வந்தான். வந்தவன் உடம்பில் இவள் வீட்டில் இல்லாத எண்ணெய் மணத்தது. நிப்பூரில் அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று ஊர் பேசியது. இந்தத் தடவை போனால் வரமாட்டான் என்றும் பேசியது. அவன் அதை இல்லையென்று மறுக்கவில்லை.

புருஷன் விட்டுப் போனால் துக்கம் ஒரு பக்கம். ஆம்பிளை இல்லாத நெசவுக்காரிகளைக் கூடத்துக் கண்காணி கொட்டடிக்கு மாற்றிவிடுவான் என்பது இன்னொரு பக்கம். சண்டையில் பிடித்து வந்த பெண்களோடு அங்கே ஒரே பாயில் கிடக்க வேண்டும். சொந்த அடுப்பு கிடையாது. கதவுக்கு வெளியே நாயும் காவலாளும் இருப்பார்கள். அங்கே போன எவளும் திரும்பிச் சொந்த வீட்டுக்கு வந்ததை நின்கேது பார்த்ததில்லை.

அந்தப் பயத்தில்தான் பீர்க்கடை ஷாஷாவிடம் போனாள். ஷாஷாவிடம் ஒரு செப்பு ஆணி இருந்தது. செங்கல்லுக்கு மண் வெட்டுகிற ஒருத்தன் இடிந்துபோன பழங்கோயில் மேட்டில் தோண்டி எடுத்ததாம். உள்ளங்கை நீளம். தலைப்பக்கம் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள். இடுப்புக்குக் கீழே இருவரும் ஒன்றாகிக் கூராக முடிந்தார்கள்.

"ரெண்டு மூஞ்சியும் ஒண்ணையொண்ணு பாக்காது. ஆனா பிரியவும் பிரியாது. அதான்டி கட்டு," என்றாள் ஷாஷா. "உன் துணி ஓரத்துல ஒரு நூலு, அவன் துணி ஓரத்துல ஒரு நூலு. முறுக்கி இது கழுத்துல சுத்தி செவுத்துல அடிச்சிரு. உன் அடுப்புப் புகை கண்ணுக்கு மறையற எடத்தை ரெண்டு பேரும் தாண்ட முடியாது. தாண்டினா ரெண்டு நெஞ்சும் ஒண்ணா இழுபடும்."

"அப்புறம் வேணாம்னு தோணுனா?"

"அடிச்ச கைதான் புடுங்கணும். வேற எவன் கைக்கும் வராது. இன்னொண்ணு கேட்டுக்க. புதுத் துணியில எடுத்துத் தொலைக்காத. எவன் வேர்வையைக் குடிச்சுதோ அவன்தான் துணியில இருப்பான்."

அது நின்கேதுவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முத்திரை வைத்திருக்கிற பெரிய மனுஷன் களிமண்ணில் முத்திரை உருட்டுவான். இல்லாதவன் துணி ஓரத்தைப் பிடித்து அழுத்துவான். ஓரம் பதிந்தால் ஆளே வந்து நின்ற மாதிரி.

கிளம்புவதற்கு முந்தின நாள் உர்மெஸ் துணியை அவிழ்த்து மாட்டிவிட்டுக் கால்வாயில் முழுகப் போனான். அவள் கையால் நெய்த துணி. மூலையில் அவள் போடுகிற இரட்டை மடிப்பு இருந்தது. ஓரத்தில் இருக்க வேண்டிய கீல் கறை மட்டும் இல்லை. படகுக்குப் பூசும்போது சிந்தியது, மீன் மாதிரி நீளமாக ஒரு கறை. நிப்பூர்க்காரிக்காகத் தேய்த்துத் துவைத்திருக்கிறான் என்று நினைத்தாள். கோபம் தலைக்கேற, கூடுதலாகவே அறுத்தெடுத்தாள். கீல் கறை துவைத்தால் போகுமா என்று யோசிக்கவில்லை.

இழுபட்ட அன்று சாயங்காலம் உலர்மீனை வெங்காயத்தோடு வேகவைத்தாள். ஷாஷாவிடம் ஒரு குடம் பீர் வாங்கி வைத்தாள். வாசலில் காலடி கேட்டதும் கூந்தலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் தண்ணி."

அக்கல்லா. வடத்தில் உர்மெஸுக்கு அடுத்த ஆள். நெஞ்சைப் பிடித்தபடி நிலையில் சாய்ந்திருந்தான்.

"அவரு எங்க?"

"அண்ணன் போயிட்டாரு. எனக்காகப் படகு நிக்குமா? நம்மூருப் புகை மறையற எடத்துல பின்னாலருந்து எவனோ இழுத்தான் அண்ணி. வடம் முன்னால ஒரு பக்கம் இழுக்குது, இது பின்னால ஒரு பக்கம் இழுக்குது. அப்படியே விழுந்துட்டேன்."

"அவருக்கு ஒண்ணும் ஆவலையா?"

"அவருக்கென்ன? பாடிக்கிட்டே போறாரு."

அப்போதுதான் அவன் இடுப்பைப் பார்த்தாள். துணி ஓரத்தில் மீன் மாதிரிக் கறை.

"இது யாரு துணி?"

"அண்ணனோடது. கெளம்பறதுக்கு ரெண்டு நாளு முந்திதான் மாத்திக்கிட்டோம். என்னுதுல கறையில்ல. நிப்பூருக்கு மானமாப் போவணும்னாரு."

"நீயும் குடுத்துட்ட."

"எங்கம்மா கறையைப் பாத்துட்டு வாசலைச் சாத்தப்போறாளா என்ன?"

ஒரே பாவில் நெய்து வெட்டிய இரண்டு துண்டு. கூடத்திலிருந்து இழுப்புக்காரர்களுக்குக் கொடுத்தது. அவள் கைவேலையே அவளை ஏமாற்றிவிட்டது.

அக்கல்லாவின் கதை ஊருக்கே தெரியும். நிப்பூரில் பிறந்தவன். அப்பன் தின்ற பார்லிக்குச் சிறுவயதிலேயே உம்மாவில் அடிமையாக விடப்பட்டவன். புது ராஜா பட்டமேறியதும் அடகில் கிடந்தவர்களை விடச் சொன்னான். அக்கல்லாவுக்கும் நெற்றியில் எண்ணெய் வைத்து 'அமர்கி' என்றார்கள். விடுதலைக்கு அங்கே அதுதான் பேச்சு. பிரித்துப் பார்த்தால் 'அம்மாவிடம் திரும்புவது' என்று வரும். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அக்கல்லாவுக்குப் பிரிக்கவே தேவைப்படவில்லை. அவனுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. கடைசியாக ஒரு படகை இழுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடுவான், திரும்பமாட்டான் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தான்.

மாவுக்குதிருக்குப் பின்னால் சுவரில் ஆணி இருந்தது. எழுந்து நாலு எட்டு வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் அவன் போய்விடுவான். எதற்கு விழுந்தோம் என்றுகூட அவனுக்குத் தெரிய வராது. நின்கேது எழுந்தாள். மீனை அவனுக்கு வைத்தாள்.

மறுநாள் கண்காணி கேட்டபோது, "எங்க வீட்டுக்காருக்குத் தம்பி மொறை. அவரு வர்ற வரைக்கும் வீட்டைப் பாத்துக்கறாரு," என்றாள். கண்காணி தலையாட்டிவிட்டு அடுத்தவளிடம் போனான்.

அதோடு சரி. நாளைக்குப் பிடுங்கலாம் என்று படுப்பாள். காலையில் அவன் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருப்பான்.

அவனும் சும்மா இருக்கவில்லை. படகு கிளம்பும்போதெல்லாம் கிளம்பினான். அன்றெல்லாம் அவள் தறியில் குப்புற விழுந்தாள். இருட்டும்போது மண்ணும் சேறுமாக வந்து சேருவான். பூசாரியிடம் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுபோனான். பூசாரி அதன் ஈரலைப் புரட்டிப் பார்த்து, ஊர்ச்சாமி சாராவுக்கு உன்னை விட மனசில்லை என்றான்.

"இந்தச் சாமிக்கு எம்மேல இவ்வளவு ஆசையா அண்ணி?" என்றான் அக்கல்லா. "மண்ணு செமந்தேன், அடி வாங்கினேன், அப்பல்லாம் ஒருநாளும் எட்டிப் பாக்கலையே."

அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

பிறகு சாமியோடு மல்லுக்கு நிற்பதை விட்டுவிட்டான். கால்வாய் தூர்வாரும் வேலைக்குப் போனான். அந்தக் கறைத் துணியோடே கழுத்தளவு சேற்றில் நின்றான். வெயிலில் அவன் முதுகும் துணியும் ஒரே நிறமாயின. கொடுத்த பார்லியை அப்படியே கொண்டுவந்து அவள் குதிரில் கொட்டினான். கூரைக்கு நாணல் மாற்றினான். முற்றத்தில் படுத்தான். அவளை ஒரு பார்வை தப்பாகப் பார்த்ததில்லை.

கூடத்துப் பெண்கள் விடுவார்களா?

"பெரியவன் போனா என்ன, சின்னவன் இல்லையா?"

"நின்கேது வீட்டுக் கூரைக்குத்தான் எத்தனை தடவை நாணல் மாத்துறது?"

ஓராண்டு இப்படியே ஓடியது. வெள்ளம் வடிந்ததும் நிப்பூரிலிருந்து படகு வந்தது. அக்கல்லா துறைக்குப் போய்விட்டுச் சீக்கிரமே திரும்பினான். முற்றத்தில் உட்கார்ந்தான்.

"எங்கம்மா போயிட்டாளாம்."

நின்கேது கதவருகே நின்றாள்.

"உம்மாப் படகு வர்றப்பல்லாம் துறையில வந்து குந்திக்குவாளாம். எங்க என் மவன்னு ஒவ்வொருத்தனையா கேப்பாளாம். உர்மெஸ் அண்ணன்தான் அங்கயே குடியிருக்காரே, அவருக்கு இப்ப கொழந்தை வேற. அடுத்த படகுல வந்துருவான் ஆத்தான்னு அவருதான் சொல்லிச் சொல்லி அனுப்புவாராம்." நெற்றியைத் தடவினான். "இங்க எண்ணெய் வச்சு ஒரு வார்த்தை சொன்னாங்களே. இனிமே அதை நான் என்ன பண்றது அண்ணி?"

அவள் உள்ளே போனாள். மாவுக்குதிரை நகர்த்தினாள். ஆணி பிசகாமல் கையோடு வந்தது.

முற்றத்தில் அக்கல்லா நீளமாக மூச்சு விட்டது கேட்டது. நுகம் இறக்கிய மாடு விடுகிற மூச்சு. அவன் எழுந்து உள்ளே வருவான் என்று அவள் நினைக்கவில்லை. வந்து நின்றான். அவள் கையைப் பார்த்தான்.

"அது என்ன?"

அவள் கையை விரித்தாள். அவனே வாங்கிப் பார்த்தான். இரண்டு முகத்தையும், கழுத்தில் சுற்றியிருந்த நூலையும் பார்த்தான். கூலிக்காரன்தான், ஆனால் மூடனில்லை.

"நூலு யாருது?"

"அவரோடதுன்னு நெனச்சித்தான் அறுத்தேன்."

"நான் வந்து தண்ணி கேட்டேனே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்கு ஆக்கின மீனு எனக்கில்ல."

"இல்ல."

"நல்ல மீனு," என்றான்.

"சூனியக்காரின்னு சொல்லி என்னை ஆத்துல எறக்கப்போறியா?"

"உன்னை எறக்கினா எங்கம்மா கரையேறி வருவாளா?" 'அண்ணி' என்ற சொல் போய்விட்டது. "அவளுக்குத் தண்ணி ஊத்த அங்க ஆளில்ல. செத்தவ தொண்டை காஞ்சு கெடப்பா. நான் போவணும்."

கிளம்பியவன் நின்றான். இடுப்புத் துணியில் கறை படிந்த ஓரத்தை டர்ரென்று கிழித்து அவள் காலடியில் போட்டான். ஆணியையும் அதன் மேல் போட்டான்.

"இந்தா உம் புருசன். மீனு மாதிரிக் கறையோட இருக்கான். இந்தத் தடவையாவது ஒழுங்காக் கட்டு."

அவன் போன பிறகு வெகுநேரம் அவள் அதைத் தொடவில்லை. கொழுந்தன் போய்விட்டான் என்று கண்காணி காதுக்கு எட்ட எவ்வளவு நேரமாகும்? நிப்பூரில் உர்மெஸ் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுவதாக ஒரு படம் கண்ணில் வந்தது. அம்மிக் குழவியை எடுத்தாள். பழைய நூலைப் பிய்த்தெறிந்து, கறை நூலையும் தன் துணி நூலையும் முறுக்கிச் சுற்றி, பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் ஆணியை வைத்து, இரண்டு தலையும் நசுங்கும்படி அடித்தாள்.

உர்மெஸ் எப்போதோ எல்லை தாண்டிப் போனவன். அடித்த உடனேயே இழுபட வேண்டும். நெஞ்சைக் கையால் அழுத்திப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அடுப்பை மூட்டினாள். பீர்க்கடைக்காரி புளுகிவிட்டாளோ என்று நினைத்தாள். வெயில் சாய்ந்தது.

அப்போது கயிறு விழுந்தது.

உர்மெஸ் மாட்டிக்கொண்டான் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். அடுத்த கணமே புரிந்தது. இந்நேரத்தில் புகை மறையும் இடத்துக்குப் போய்ச் சேருகிறவன் ஒருத்தன்தான். ஓராண்டுச் சேற்று வேலையில் அந்தத் துணி யார் வேர்வையைக் குடித்தது என்று இப்போதுதான் யோசித்தாள்.

எப்போதும் போல விழுந்து எழுந்து திரும்பிவிடுவான் என்று காத்திருந்தாள். இழுப்பு நிற்கவில்லை. முன்பு அதைச் சாமி என்று நினைத்துப் பயந்து திரும்பினான். இப்போது எந்த வீட்டுச் சுவர் என்று தெரியும். இடது கால், மூச்சு, வலது கால், மூச்சு. நிறைபாரப் படகை எதிர்த்து இழுக்கிறவனின் நடை அது. வாழ்நாளெல்லாம் அவன் செய்த வேலை.

அவள் தரையில் விழுந்தாள். வாசலை நோக்கி இழுபட்டாள். தண்ணீர்ப் பானை உருண்டு உடைந்தது. நிலைக்கல்லில் முகம் இடித்து உதடு கிழிந்தது.

"நில்லுடா, பாவி," என்றாள். யாருக்குக் கேட்கும்? இடது கால், மூச்சு. விலாவில் ஏதோ நெறிந்தது. அவன் விலாவும் நெறிந்திருக்கும். அவன் நிற்கவில்லை.

முழங்கையை ஊன்றி, நகத்தால் மண்ணைப் பற்றி, சுவர்வரை தவழ்ந்தாள். ஆணியை நசுங்கும்படி அடித்திருந்ததால் பிடி கிடைக்கவில்லை. பல்லால் நூலைக் கவ்வி, இரண்டு கையாலும் திருகினாள். செங்கல் பொடியோடு ஆணி வந்தது. கயிறு விட்டுப்போயிற்று.

ஆற்றங்கரைப் பாதையில் எங்கேயோ அவன் முகம் குப்புற விழுந்திருப்பான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்திருப்பான்.

அவள் அங்கேயே சுவரில் சாய்ந்து உதட்டைத் துடைத்தாள். அவளை இவ்வளவு பலமாக இழுத்த ஆள் வேறு யாரும் இல்லை. பிறகு உடைந்த பானையில் மிஞ்சிய தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினாள். கொட்டடிக்குப் போகிறவளுக்குப் புகை எதற்கு.