ஞாயிறுதோறும் பேசினோம்

வாஷிங்டன் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு மேசை காலியாகக் கிடந்தது. குண்டு வைத்தவர்களுக்குப் பணம் கொடுத்த ஒரு நாட்டின் மேல்தான் வழக்கு. அந்த நாடு ஒரு வக்கீலைக்கூட அனுப்பவில்லை. அதனால் சாட்சி சொல்ல வந்த வெண்டல் என்ன சொன்னாலும் மறுக்க ஆளில்லை.

ஹோட்டல் குண்டுவெடிப்பில் செத்துப்போன தங்கை லோர்னாவோடு நெருக்கமாக இருந்ததாகச் சொன்னால்தான் அண்ணனான அவனுக்கு நஷ்டஈடு.

"ரெண்டு பேரும் அடிக்கடி பேசிப்பீங்களா?" என்று அவனுடைய வக்கீல் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை தவறாம பேசுவோம்."

அப்பாவின் பண்ணையை விற்ற தகராறில் அவள் சாகும்வரை ஆறு வருஷம் அவளோடு பேசாதவன் அவன். கடைசி ஈஸ்டருக்கு அவளே கூப்பிட்டபோது, பெயரைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தவன். கையைத் தூக்கிச் சத்தியம் செய்த வாயில் பொய் கொஞ்சமும் கூசாமல் வந்தது. வெட்கங்கெட்ட வாய்! நீதிபதி தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

பின்வரிசையில் உட்கார்ந்து கேட்ட அம்மா இர்மாவுக்கு அந்தத் தகராறு தெரியும். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்தபடி அவளிடம் போனான். அவளோ அவன் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"திருட்டுக் கழுதைங்களா! எனக்குத் தெரியாம பேசிக்கிட்டுதான் இருந்திருக்கீங்க. மொறச்சிக்கிட்டே போய்ட்டாளேன்னு நான் எத்தனை நாள் அழுதிருப்பேன்!"

அவள் பிடியை விடவில்லை.

"சரி, சொல்லுடா. கடைசி ஞாயித்துக்கிழமை எம் பொண்ணு என்ன பேசினா?"