போனுக்குள்ளேயே மாற்றிய படம்

பந்தலுக்கடியில் கை தூக்கியே நின்று திராட்சைக் கொத்து கத்தரித்ததில் நாகஜோதிக்குப் பிடரி மரத்துவிட்டது. வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. நெஞ்சிலிருந்து அக்குள் வரை வெந்து ஆறிய தோல் இழுத்துப் பிடித்தது. மேஸ்திரி அரை நாளிலேயே போகச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய போனோடு அவள் சின்னமனூர் பிரவுசிங் சென்டருக்குப் பஸ் ஏறினாள்.

சித்திரையில் தோட்டத்தில் பூச்சிமருந்தடிக்கும்போது ஓஸ் வெடித்து மருந்து அவள் மேல் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸாகும் என்று தோட்டக்காரர் களிம்பு வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமி அன்றே கதவைச் சாத்தி, மகன் துபாயிலிருந்து அனுப்பிய ஆப்பிள் போனில் இரண்டு படம் எடுத்து வைத்தாள். அரசு நிவாரணம் வந்தால் கைக்கு ஆபரேஷன் செய்யலாம். இல்லையென்றால் பந்தல் வேலை இனி இல்லை.

ஆப்பிள் போன் எடுக்கிற படத்தை நிவாரண வெப்சைட் வாங்காது. ஜேபெக் என்கிற சாதாரணப் பட வகையாக மாற்ற வேண்டும். ஊரில் எல்லாரும் பிரவுசிங் சென்டர் நம்பருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு பெஞ்சில் உட்காருவார்கள். கம்ப்யூட்டர் திரை பெஞ்சைப் பார்த்துத்தான் இருக்கும். கூட வேலை பார்க்கும் கோட்டைச்சாமியின் மூலக்கட்டி ரிப்போர்ட்டை ஊரே அங்கே படித்திருக்கிறது.

நாகஜோதி அனுப்ப மாட்டேன் என்றாள். சென்டரில் வேலை பார்க்கும் ஷீபா சிரித்தாள்.

"ஆபீஸ்ல மட்டும் பாக்க மாட்டாகளாக்கா?"

"அவுகளுக்கு என் மூஞ்சி தெரியாது ஆத்தா. இங்கன இருக்கவுகளோடதான் நான் தெனம் லோடு வண்டியில போறேன்."

ஷீபா அந்தப் போனிலேயே படம் மாற்றும் வெப் பக்கம் ஒன்றைத் திறந்து, நெட்டை அணைத்துக் காட்டினாள். அப்போதும் அது வேலை செய்தது. படம் போனை விட்டு வெளியே போகாது, உள்ளேயே மாறும் என்றாள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு எதை அமுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். படம் மாறியது. நெட்டைப் போட்டு விண்ணப்பத்தில் ஏற்றினார்கள்.

பஸ்ஸில் வரும்போது நாகஜோதி தன் படங்கள் எல்லாவற்றையும் அழித்தாள். அழித்தது போய்க் கிடக்கிற இடத்திலும் அழித்தாள். போன் திரும்பப் போகிற ஜோதிலட்சுமி வீட்டில் ஆம்பளைகள் மூன்று பேர்; மூன்று மாசமாக அவளுக்கு அதே பயம்.

இருபது நாள் கழித்து ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். அது பழைய தீக்காயம் என்று தோட்டக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். படத்துக்குள் அதை எடுத்த தேதி பதிவாகியிருக்கவில்லை, மாற்றிய ஆடி மாசத் தேதிதான் இருக்கிறது. எடுத்த படத்தை அப்படியே கொண்டுவா என்றார்கள்.

ஷீபா அந்தப் போனை அரை மணி நேரம் துழாவினாள்.

"மாத்துனா தேதி போயிரும்னு எனக்கே தெரியாதுக்கா. நீங்க ஏன் அழிச்சீக?"

"என் மாரு இன்னொருத்தர் போன்ல கெடக்கவா?"

வேறெங்கும் அந்தப் படம் இல்லை. விண்ணப்பம் தள்ளுபடியானது.

ஜோதிலட்சுமி போனைச் சும்மா கொடுத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்றாள்.

"எங்க பந்தல்ல கொத்து முத்திப் போச்சு மதினி. எப்ப வர்றீக?"

நாகஜோதி கையைத் தூக்கிப் பார்த்தாள். தோள் வரைதான் வந்தது. போன் கொடுத்ததற்கு ஜோதிலட்சுமியின் பந்தலில் கூலியில்லாமல் இரண்டு நாள் வேலை பாக்கி.