கொதிகலன்காரன் மகள்

விடியுமுன்னே சலவைக்கூடத்தில் வேலை தொடங்கிவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வண்டியாக வந்திறங்கும் விரிப்புகளைக் கொதிநீர்த் தொட்டியில் அமுக்கி, நீண்ட கழியால் புரட்ட வேண்டும். ஊறிய விரிப்பு பிணமாய்க் கனக்கும். சோடாவின் காரநெடி தொண்டையை அறுக்கும்.

அவள் கழியைப் பிடித்தபடி ஆவிக்குள் பார்த்தாள். அங்கே அவன் நின்றான், அவள் பிள்ளையின் அப்பன். கரி தள்ளும்போது ஒரு தோளைத் தாழ்த்தி நிற்பானே, அதே நிலை. ஆவி கலைந்ததும் வெறும் சுவர்தான். இந்தக் கூடத்துக் கொதிகலன் வெடித்து அவன் போனதிலிருந்து தினமும் இப்படித்தான். பழுதான வால்வை மாற்றச் சொல்லி அவன் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினான். யார் காதிலும் ஏறவில்லை. அவன் செத்த பிறகு புதுக் கொதிகலனே வந்துவிட்டது.

தொட்டியிலிருந்து சின்ன விரிப்பொன்று மேலே வந்தது. குழந்தைகள் வார்டு விரிப்பு. அவள் கை நின்றுவிட்டது. நேற்று அதே ஆஸ்பத்திரி வாசலில்தான் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"அப்பா தொழிலாளியா இருந்தாத்தான் பிள்ளைக்கு இங்க வைத்தியம். அப்பா இவர்தான்னு பதிவு எங்க? கல்யாணப் பதிவாவது இருக்கா?" என்று மடக்கினார் வாசல் காவலர்.

இரண்டும் இல்லை. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார்கள். ஆசையாய்ப் பிள்ளை பெற்றார்கள். ஒருநாள் வேலையை விட்டுப் பதிவு அலுவலகம் போக வாய்க்கவே இல்லை.

இப்போது மகள் மூலையில், உலர்ந்த துணிக்குவியலின்மேல் கிடந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே ஒட்டியது.

"அம்மா, அப்பா கூப்பிடுறாரு" என்றாள், கண் திறக்காமல்.

அவள் கழியைப் போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு முதலாளி அறைக்குள் நுழைந்தாள்.

"ஐயா, இது அவரோட பிள்ளைதான்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. சேத்துக்குவாங்க."

"யாரோட பிள்ளைன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"இவ பிறந்தப்போ அவர் இனிப்பு குடுத்தாரே, வாங்கித் தின்னீங்களே!"

"இனிப்பு தின்னா சாட்சியா? இன்னைக்கு எழுதிக் குடுத்தா, நாளைக்கு வாரிசுன்னு நஷ்டஈடு கேட்டு நிப்பே. ஊரறியக் கல்யாணம் பண்ணியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது."

"தப்புன்னா அது எங்களோட போகட்டும். பிள்ளை மூச்சுதானேய்யா கேக்குது?"

வாசலில் யாரோ வந்து நின்றார்கள். இஸ்திரி போடும் கறார் அக்கா. இவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவள்.

"என் மகனுக்கும் பதிவு இல்லீங்க" என்றாள் அக்கா. "அவன் அப்பனும் நானும் கல்யாணம் பண்ணிக்கல. கேவலம்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். காய்ச்சல் வந்தா அண்ணன் மகன் பேரைச் சொல்லித்தான் மருந்து வாங்குறேன். இவளைப் பாத்தா எங்கே நானும் மாட்டிக்குவேனோன்னு பயம்."

"என் ரெண்டுக்கும் இல்லக்கா" என்றது பின்னாலிருந்து துணி மடிப்பவளின் குரல். வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார்: "நம்ம வீட்லயும் அதே கதைதான்."

முதலாளி எழுந்தார். "வேலையைப் பாருங்க! இல்லேன்னா எல்லாரும் வெளியதான்!"

"முதல்ல இந்தப் பிள்ளையைப் பாத்துட்டு வர்றோம்" என்றாள் கறார் அக்கா.

நேரே போய் ஆவிக்குழாயை அடைத்தாள். இரைச்சல் அடங்கியது. இத்தனை நேரம் அதில் அமுங்கிக் கிடந்த பிள்ளையின் இழுப்பு கூடம் முழுக்கக் கேட்டது. அதற்குமேல் அங்கே நிற்க யாருக்கும் மனசு வரவில்லை.

துணிவண்டியில் தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு எல்லோரும் கூடவே நடந்தார்கள்.

"அப்பா இவர்தான்னு யார் சாட்சி?" என்றார் ஆஸ்பத்திரி வாசல் காவலர்.

"நாங்க எல்லாரும்தான்" என்றார் வண்டிக்காரர். "விரிப்பு துவைக்கிறவங்க வேலையை நிறுத்திட்டு வந்திருக்காங்கன்னு உள்ள போய்ச் சொல்லுங்க."

காவலர் தயங்கி உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. அவர்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்தார்கள். அவள் மகளின் மார்பில் கை வைத்து, ஒரு மூச்சு போனதும் அடுத்தது வருமா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கைமேல் கறார் அக்காவின் வெந்த கை வந்து படிந்தது.

தெருவோடு போன ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். விஷயத்தைக் கேட்டாள். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மெல்லக் கேட்டாள்:

"என் பிள்ளைக்கும் அப்பா பேரு எழுத மாட்டேன்னுட்டாங்க. நானும் உக்காரட்டுமா?"

"இதென்ன கேள்வி?" என்ற கறார் அக்கா மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, இடம் விடுங்க."